ஞாயிற்றுக்கிழமை பன்

பிப்ரவரி 4

அன்புள்ள மருமகளுக்கு,

நீயும் உன் அம்மாவும் சௌக்கியம்தானே? இங்கே தையல் மெஷின் ஓடுகிறது, அதன் பின்னால் நானும் ஓடுகிறேன். உன் அத்தைதான் படுத்த படுக்கை. எங்கள் மகன் செத்துப் போனதிலிருந்தே அப்படித்தான். நீயும் உன் அம்மா வீட்டுக்குப் போன பிறகு பேச்சும் நின்றுவிட்டது. காலையில் எதை நீட்டினாலும் "பசிக்கலைங்க" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முந்திரி வைத்துச் சுருட்டி இனிப்பு பன் சுடுவாயே, அதை மட்டும் அவள் இரண்டாவது கேட்டு வாங்கித் தின்பாள். எப்படிச் செய்வது என்று எழுது. உன் ஓவன் சும்மாதான் கிடக்கிறது.

மாமா

பிப்ரவரி 11

அன்புள்ள மாமா,

பால் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், விரலைச் சுடக் கூடாது. அதில் ஈஸ்ட்டும் சர்க்கரையும் கலந்து, நுரைத்ததும் மைதா, வெண்ணெய், துளி உப்பு போட்டுக் கையில் ஒட்டாமல் வரும்வரை பிசையுங்கள். ஈரத்துணியால் மூடிவிட்டு, இரண்டு மடங்காக உப்பும்வரை அந்தப் பக்கமே போகாதீர்கள். நீங்கள் அவசரக்காரர், அதனால்தான் சொல்கிறேன்.

பிறகு மாவைப் பரப்பித் தேய்த்து, வெண்ணெய் தடவி, சர்க்கரை, பட்டைத்தூள், வறுத்து உடைத்த முந்திரி தூவி, பாய் போல் சுருட்டுங்கள். கத்தி பட்டால் நசுங்கிவிடும். அடியில் நூலை விட்டு, இரு முனைகளையும் மேலே குறுக்காக இழுத்து அறுங்கள். நூல் விஷயம் உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டுமா! தட்டில் நெருக்கி அடுக்கி, மறுபடி உப்பவிட்டு, பொன்னிறமாகும்வரை சுடுங்கள்.

இங்கே நான் சுடுவதில்லை மாமா. மனசு வரவில்லை.

உங்கள் மருமகள்

பிப்ரவரி 26

அன்புள்ள மருமகளுக்கு,

முதல் தடவை பாலைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டேன். பன்னா வந்தது? செங்கல். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "என்ன சார், வீடு கட்டப் போறீங்களா?" என்றார்.

நேற்று சரியாக வந்தது. பட்டை வாசனை வீடு முழுக்கப் பரவியது. திரும்பிப் பார்த்தால் சமையலறை வாசலில் உன் அத்தை, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "அவ வந்துட்டாளா? எங்க?" என்று உன் அறைக்குள்ளும் போய்ப் பார்த்தாள்.

"நான்தான் சுட்டேன்" என்றேன். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு பாதி பன் சாப்பிட்டாள். "சர்க்கரை தூக்கல்" என்று குறையும் சொன்னாள். அவள் குறை சொல்லிக் கேட்டு எத்தனை காலமாயிற்று! முடிந்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்.

மாமா

மார்ச் 6

அன்புள்ள மாமா,

வரத்தான் ஆசை. ஆனால் ஒன்றை மறைத்துக்கொண்டு உங்கள் வாசலில் வந்து நிற்க என்னால் முடியாது.

என் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒருவர். மனைவியை இழந்தவர். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்குச் சம்மதம். எனக்கும் அவரிடம் பேசினால் பாரம் குறைகிறது. ஆனால் சரி என்று வாயெடுத்தால் உங்கள் பிள்ளையின் முகம் முன்னால் வந்து நிற்கிறது. நான் அவரை மறந்துவிட்டதாக மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் இருவர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். நேரில் வந்து கேட்கட்டுமா?

உங்கள் மருமகள்

மார்ச் 17

அம்மாடி,

உன் கடிதத்தை அத்தையிடம் படித்துக் காட்ட எனக்கே தைரியம் வரவில்லை. நேற்றுதான் காட்டினேன். கேட்டு முடித்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"நல்ல பையனாமா?"

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"அப்போ சரின்னு எழுதுங்க."

எனக்கு உயிர் வந்தது. "வரச் சொல்லட்டுமா?" என்றேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க. வந்தா நான் அவ கையை விடமாட்டேன். அவளும் உதறிட்டுப் போகமாட்டா. இந்த வீட்டுல அவளும் என்னை மாதிரி சுவரைப் பாத்துக்கிட்டு படுக்க வேணாம்."

அதனால் வராதே அம்மா. கல்யாணத்துக்கும் எங்களைக் கூப்பிடாதே. கூப்பிட்டால் நான் கிளம்பி வந்துவிடுவேன். இதற்குப் பதிலும் போடாதே. தபால்காரர் மணி அடித்தால் அவள் எழுந்து வாசலுக்கு ஓடுகிறாள்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெண் ஒருத்தி இருக்கிறாள், எங்கோ நன்றாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மாமா, அத்தை