கிருமியின் வலையில் என் கறிமீன்

அனுப்புநர்:
ம. சிலுவைதாசன்,
மீன்பிடித் தொழிலாளி,
இனயம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மனுப் பிரிவுத் தனி அலுவலர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: என் மரபணுவைக் கொண்டு கிருமி செய்யும் மருந்தில் என் மனைவிக்குக் கறிப்பங்கு கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முந்தைய மனு, நாள் 11.7.2011.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டு கோட்டாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் கொடுத்தேன். ஷிஜின் என்ற ஆராய்ச்சி மாணவர் அதிலிருந்து, வெள்ளை அணுவை வளர்க்கும் புரதத்துக்கான மரபணுவை எடுத்து, நகல் செய்து, ஒரு கிருமிக்குள் வைத்தார். கிருமி இப்போது அந்தப் புரதத்தைச் செய்கிறது. குப்பியில் என் பெயர் ஒட்டியிருந்ததை நானே பார்த்தேன்.

2. என் மனைவி நேசம்மாளுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றியதில் வெள்ளை அணு குறைந்து, அடுத்த தவணை இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. அணு ஏற இதே புரதத்தைத்தான் ஊசியாகப் போட வேண்டுமாம். ஆஸ்பத்திரியில் இருப்பு இல்லை.

3. எங்கள் கரையில் வள்ளம் வந்ததும், ஏலத்துக்கு முன்பே, தொழிலுக்குப் போன ஒவ்வொருவரும் வீட்டுக் கறிக்கு மீன் எடுத்துக்கொள்வார். யாரும் கேள்வி கேட்பதில்லை. என் மரபணுவும் தொழிலுக்குத்தான் போயிருக்கிறது. ஆகவே ஐஸ் பெட்டியுடன் போய்க் கறிக்கு மட்டும் கேட்டேன். இது சுத்தம் போதாது, உடம்பில் ஏற்றினால் ஆளைக் கொன்றுவிடும் என்று சொல்லி, ஷிஜின் மிச்சத்தை என் கண்முன்னே கொதிக்கவைத்துக் கொட்டினார்.

4. முந்தைய மனு எந்த மேசையில் திசைமாறியதோ, கால்நடை ஆய்வாளர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். கிருமிகள் எத்தனை உருப்படி, தடுப்பூசி போட்டாயிற்றா, தொழுவம் உண்டா என்று விசாரித்தார். ஒரு குப்பியில் பல கோடி இருக்கும் என்றேன். படிவத்தில் இடம் போதாது என்று எழுந்துவிட்டார். அவருக்குக் கட்டன்சாயா கொடுத்து அனுப்பிய நேசம்மாள், “ஒம்ம ரத்தத்துல உள்ள சாதனம் அந்தக் கிருமிக்குக்கூட கிட்டியாச்சு. எனக்குத்தான் கிட்டல்ல” என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

5. பிறகு, மரபணு என்னுடையதுதான் என்பதற்குச் சான்று கேட்டுத் தங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஷிஜின் தந்த சான்று எனக்கே பாதகமாக இருக்கிறது. இந்த மரபணு எனக்கு மட்டும் உரியதல்ல, மனிதராய்ப் பிறந்த எல்லோரிடமும் உண்டு என்று எழுதியிருக்கிறார். எனவே என் உரிமைக் கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.

6. அதே சான்றின்படி அது தங்களிடமும் இருக்கிறது ஐயா. தாங்களும் இந்த வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்தான். தங்களுக்குரிய கறிப்பங்கை, கம்பெனியில் சுத்தமாகச் செய்த ஊசியாகக் கேட்டு வாங்கி, நேசம்மாளுக்கு விட்டுக்கொடுக்க வேண்டுகிறேன். வரும் திங்கட்கிழமைக்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஊசி குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டுமாம். ஐஸ் பெட்டியை மீன்வாடை போகக் கழுவி வைத்திருக்கிறேன்.

இடம்: இனயம்
நாள்: 5.9.2011

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
ம. சிலுவைதாசன்

இணைப்பு: ஷிஜின் தந்த சான்று, நேசம்மாளின் ரத்தப் பரிசோதனைத் தாள்.