எந்த நாடு?

அக்கா,

நீ கல்லூரி விடுதிக்குப் போய் இன்றோடு ஒன்பது நாள். தைரியமாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். அதற்காகத்தானே ஒரு மாதம் மிளகுத் தோட்டத்தில் ஒத்திகை பார்த்தோம். நான் விடுதிப் பெண்ணாக நிற்பேன். நீ வந்து பேச்சுக் கொடுக்க வேண்டும்.

"ஏனுங்க, நீங்க எந்த நாடுங்க?" என்று முதல் நாள் கேட்டாய்.

"ஐயோ அக்கா, மலையிலதான் நாலு ஊரு சேர்ந்தத நாடுன்னு சொல்லி, நம்ம பைல் நாடு, அந்த நாடுன்னு பேசுவோம். கீழ இப்படிக் கேட்டா இந்தியான்னு சொல்லிச் சிரிப்பாங்க. எந்த ஊருன்னு கேளு."

"போடி, பெரிய டீச்சரு!" என்றாய். பிறகு அழுதுவிட்டாய். "நான் காலேஜுக்கே போகலடி. அங்க எனக்கு யாரு இருக்கா?"

"பேசினா ஆளு கெடைக்கும். மறுபடி கேளு" என்றேன்.

நேற்று போனில் நீ அழுதால் சொல்வதற்கென்று ஐந்து ஆறுதல்களை நோட்டில் எழுதி வைத்திருந்தேன். நீ அழவில்லை. பழக்கத்தில் நாடு என்றே கேட்டுவிட்டதாகவும், இப்போது விடுதியே அப்படித்தான் கேட்டுக்கொள்கிறது என்றும் சொன்னாய். அதற்குள் ஒரு பெண் போனைப் பிடுங்கி, "ஏனுங்க தங்கச்சி, நீங்க எந்த நாடுங்க?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். உன் சிரிப்புத்தான் பெரிதாகக் கேட்டது.

சிக்னல் போய்விட்டது என்று நினைத்திருப்பாய். இல்லை அக்கா, நான்தான் போனை வைத்துவிட்டேன்.

அந்த ஒரு மாதமும் நான் விடுதிப் பெண்ணாகவே நின்றேன். நீ போன பிறகு வீட்டில் இருப்பவளாக ஒரு நாள்கூட நின்று பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணுக்கு நான் பதில் சொல்லவில்லை. நீ சொல்லிவிடு. பைல் நாடு.

இப்படிக்கு,
உன் முதல் விடுதித் தோழி