பெரியப்பா எழுதச் சொன்ன ஆறு பெயர்கள்

அன்புள்ள அம்மா,

இதை யாரிடமும் காட்டாதே, அப்பாவிடம்கூட. உன் முட்டிவலி குறைந்ததா? பெரியப்பா வீட்டில் நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன். பயப்படும்படி ஒன்றும் இல்லை.

பெரியப்பாவிடம் பிஎச்.டி. செய்யும் அக்காவைப் பற்றி எழுதியிருந்தேனே, அவளுடைய ஆய்வேட்டை மதிப்பிட ஆறு பேராசிரியர்களின் பெயர்களைப் பெரியப்பா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று என்னைத்தான் எழுதச் சொன்னார். அதில் இருவரைத் துணைவேந்தர் ரகசியமாகத் தேர்ந்தெடுப்பார்; ஆய்வு செய்பவருக்கு எந்தப் பெயரும் தெரியக் கூடாது.

ஒருவர் நல்ல அறிக்கை அனுப்பிவிட்டார். இன்னொருவர் எட்டு மாதமாக அனுப்பவில்லை. "பேரை மட்டும் சொல்லுடி செல்லம், கெஞ்சிக் கேட்டுப் பாக்குறேன்" என்று அக்கா அழுதாள். சொல்லிவிட்டேன். அந்த இருவர் யாரென்று தெரியாமல் அவள் ஆறு பேருக்குமே கடிதம் போட்டாள். ஒருவர் அதைப் பல்கலைக்கழகத்துக்கே அனுப்பிவிட்டார். இப்போது, முன்பே வந்த அந்த நல்ல அறிக்கையும் செல்லாதாம்.

இன்று பெரியப்பா, "யாரு சொன்னது?" என்று கத்தினார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "உங்க மேஜையில நானே திருட்டுத்தனமா பாத்தேன் சார்" என்றாள்.

"காலையில வந்து அதையே எழுதிக் குடு."

எழுதிக் கொடுத்தால் அவளுடைய பதிவே ரத்தாகிவிடும். நான் உண்மையைச் சொன்னால் பெரியப்பா என் படிப்பை நிறுத்தி ஊருக்கு அனுப்பிவிடுவார். என் பழைய போர்வையை அனுப்புகிறாயா அம்மா? இங்கே கொடுத்தது புதுசுதான், ஆனால் தூக்கம் வரவில்லை.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள். "லைட்டு எரியுதே, இன்னும் என்ன பண்றே?" பெரியப்பாதான். காலைவரை தள்ளிப்போடாமல் இப்போதே சொல்லிவிடுகிறேன் அம்மா. திறக்கப் போகிறேன்.