‘ஓடை நீர்’ என்று ஒட்டிய பாட்டில்கள்

ஜூலை 7, திங்கள்

விடிந்ததிலிருந்து காற்று. மலைமேல் சாரல், சிலமலையில் புழுதி மட்டும்.

நேற்று ராசு மச்சானுக்கு நிச்சயம். ராசிங்காபுரத்துப் பெண். நானும் தட்டுத் தூக்கிக்கொண்டு போனேன். அத்தை என் கன்னத்தைத் தடவி, “நீ பெரிய படிப்பு படிக்கிற புள்ள. எம்மவன் ஜீப்பு ஓட்டுறவன். ஒன்னய எப்புடி ஆத்தா வாய்விட்டுக் கேக்குறது?” என்றாள்.

கேட்டிருக்கலாம்.

வாங்க: பெராக்சைடு, காந்தம் (பழையது விரிசல்), ஷாம்பு.

திங்கள்தோறும் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்து ஓடையிலிருந்து என் ஆராய்ச்சிக்குத் தண்ணீர் கொண்டுவருவது மச்சான்தான். இன்று அவனோடு ஜீப் ஓட்டும் கருப்பையா அண்ணன். “அவன் மாப்ள முறுக்குல திரியுறான். இந்தா தாயி, தோட்டத்துக்குக் கீழ மொண்டது. என்னா வாடை!”

ஜூலை 8

லேப். வழக்கம்போல ஓடைத் தண்ணீர், ஏலச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்து கொஞ்சம், பெராக்சைடு, என் இரும்பு ஆக்சைடு நானோ பொடி. மருந்து சிதைய வேண்டும். இத்தனை மாதமும் அழகாகச் சிதைந்தது. இன்று இல்லை. திரும்பச் செய்தும் இல்லை.

கைடு மேடம் எட்டிப் பார்த்து, “என்னம்மா, ஒன் பொடிக்கும் கல்யாண வேலையா?”

சிரித்தேன். பிறகு பாத்ரூமில் கொஞ்ச நேரம்.

பீக்கர் பக்கம் காந்தத்தை வைத்ததும் பொடி அத்தனையும் ஓடிவந்து ஒட்டிக்கொண்டது. அதில் ஒரு குறையும் இல்லை.

ஜூலை 9

பழைய பாட்டிலையும் புதியதையும் ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். பழைய தண்ணீர் கண்ணாடி மாதிரி. புதியது டீத்தண்ணி. இலைச்சாறு, மண். என் பொடி, பூச்சிமருந்தை விட்டுவிட்டு இலைச்சாற்றோடு மல்லுக்கட்டுகிறது. மழையில்லாத மாதங்கள், அதனால்தான் பழையது தெளிவு என்று நினைத்திருந்தேன்.

போன் செய்தேன்.

“மச்சான், இத்தன நாளும் தண்ணி எங்க மொண்டீங்க?”

“ஏன் புள்ள?”

“சொல்லுங்க.”

“மேல, சுனையில. ஓடைத் தண்ணி பூரா மருந்து வாடை. அதப் போயி நீ கையால தொடணுமா? எந்தத் தண்ணியா இருந்தா என்ன, எப்புடியும் நீதான அதுல மருந்தக் கலக்கப்போற.”

“சுனைக்கு ஜீப்பு போகுமா?”

“எங்கிட்டுப் போக? நடதான்.”

ஜீப்பைக் கிளப்பிக்கொண்டே கேட்டான்:

“வச்சிரவா?”

“வைங்க.”

லோடை நிறுத்திவிட்டு, திங்கள்தோறும் மேலே ஏறியிருக்கிறான். நான் கீழே உட்கார்ந்து ‘ஓடை நீர்’ என்று லேபிள் ஒட்டினேன்.

ஜூலை 10

மேடத்திடம் சொல்லிவிட்டேன். தண்ணீர் எடுத்த இடம் தவறு, முடிவுகள் எதுவும் செல்லாது. யார் எடுத்தது என்று சொல்லவில்லை. “சுனைத் தண்ணிய யாரும்மா சுத்தம் பண்ணச் சொன்னா? கீழ தோட்டத்து லைன் வீட்டுக் கூலி ஜனம் அந்த ஓடையத்தான குடிக்குது. முதல்ல இருந்து செய். பழைய பாட்டில் எல்லாத்தையும் கொட்டிரு.” சரிதான். திங்களன்று நானே மேலே ஓடைக்குப் போக வேண்டும்.

அம்மா போனில்: “அத்தை முகூர்த்தப் பட்டு எடுக்கக் கூப்புடுது. ஒனக்கும் ஒண்ணு எடுக்குதாம், வெரசா வா.” சோலி இருக்கு என்றேன்.

ஒவ்வொன்றாகத் தொட்டியில் கொட்டினேன். கடைசி பாட்டில் இன்னும் மருந்து கலக்காதது; அதைக் கொட்ட மனம் வரவில்லை. லேபிளில் ‘ஓடை’யை அடித்துவிட்டு ‘சுனை’ என்று எழுதினேன். லேப்பில் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நின்றபடியே குடித்தேன். நல்ல ருசி. பாதி குடிப்பதற்குள் சிலமலை பஸ் வந்துவிட்டது.