அறுக்காமல் விட்ட காப்பு

உன்னைக் கொன்றது குடி இல்லை, தம்பி. இருபது வருஷக் குடியை ஒரே நாளில் நிறுத்த வைத்ததுதான். அப்படி நிறுத்தச் சொன்னவர்கள் படித்தவர்கள். நிறுத்த வைத்தவன் நான்.

இன்று நர்சிங் பாடப் புத்தகத்தைத் திறந்தேன். பக்க அடையாளத்துக்கு வைத்திருப்பது உன் காப்புக் கயிறு. உன்னைத் தூக்குமுன் மணிக்கட்டிலிருந்து அவிழ்த்தது. மஞ்சள் வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

அன்று ஓரிக்கையில் நம் தெருவுக்கு நர்சிங் மாணவிகள் ஊர்வலம் வந்தார்கள். அட்டைகளில் ‘குடியை இன்றே விடு’. நீ தறியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாய்.

“இந்தப் பொண்ணுங்க சொன்னா உட்டுடலாம்ணே. உங்க மூஞ்சியப் பாத்தாதான் குடிக்கத் தோணுது.”

மறுநாளே அம்மன் கோயிலில் உனக்கு ஏழு நாள் காப்புக் கட்ட வைத்தேன். இரண்டாம் நாள் நடுக்கத்தில் உன் கை தறி நாடாவைப் பிடிக்கவில்லை. வேர்த்துக் கொட்டியது. தறியில் விரித்த பாவு நூலில் பூச்சி ஊர்வதாகத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தாய்.

“அண்ணே, காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரிக்குப் போலாம்ணே. ஒடம்பு என்னமோ பண்ணுது.”

“காப்புக் கட்டிக்கினு ஊர் எல்லைய தாண்டுவியா? இன்னும் அஞ்சு நாளு. பல்லக் கடிச்சிக்கினு இருப்பா.”

“நீங்க சொன்னா சரிண்ணே.”

மூன்றாம் நாள் காலை வலிப்பு. ஆட்டோ எல்லையைத் தாண்டியபோது உனக்கு மூச்சு இல்லை. “இவ்ளோ குடிச்சவர திடீர்னு நிறுத்த விடலாமா? மருந்து கொடுத்து, பக்கத்துல வெச்சுப் பாக்கணும்” என்றார் டாக்டர்.

அதன்பிறகுதான் இந்தப் பாடப் புத்தகத்தை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். எல்லாம் எப்போதோ எழுதிவைத்திருக்கிறார்கள். நடந்ததைச் சொல்ல, ஊர்வலம் வந்த மாணவிகளின் கல்லூரிக்குப் போனேன். “மன உறுதியப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க ஐயா. கோயில் விஷயம் வேணாமே” என்றார் ஆசிரியை. கோயில் விஷயத்தை மட்டுமே பேசினேன். பிறகு கூப்பிடவில்லை. நானாகப் போய் வாசலில் நிற்கிறேன்.

குடியைத் திடீரென நிறுத்தினால் என்ன ஆகும் என்று சொல்லும் இந்தப் பக்கத்தை அந்த ஆசிரியை முதல் பாடமாக நடத்த வேண்டும். மாணவிகள் அட்டை பிடிக்குமுன், ‘காலையில் கை நடுங்குதா?’ என்று கேட்க வேண்டும். பூசாரி, ‘டாக்டரைப் பார்த்தாயா?’ என்று கேட்டுவிட்டுக் காப்புக் கட்ட வேண்டும். கட்டிய பின் நடுக்கம் கண்டால், பக்கத்தில் இருப்பவன் கயிற்றை அறுத்துவிட்டு எல்லையைத் தாண்ட வேண்டும்.

பக்கத்தில் இருந்தவன் நான். கத்தரி என் தறியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.