பத்தாயிரத்து ஒன்று

மார்ச் 14, வியாழக்கிழமை

கப்பலில் மிதக்கும் என் வீட்டுக்காரருக்கு, கரையில் கொதித்துக்கொண்டிருப்பவள் எழுதுவது.

நானும் பாப்பாவும் உங்கள் தங்கையும் சுகம். என் கோபமும் சுகமாகவே இருக்கிறது.

நான் கேட்டது இரண்டே கேள்வி. டிரங்குப் பெட்டியின் பூட்டு எண் என்ன? நீங்கள் எப்போது வருவீர்கள்? பாப்பாவின் பிறப்புச் சான்றிதழ் அந்தப் பெட்டிக்குள் கிடந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் இடம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நீங்கள் எழுதிய பதிலோ, "10001 என்பது இரண்டு எண்களின் பெருக்கல். சின்னது பூட்டைத் திறக்கும். பெரியது, இன்று முதல் எத்தனை நாளில் வருவேன் என்று சொல்லும்." எஞ்சின் மெக்கானிக்குக்கு எதற்குங்க இந்த வாத்தியார் வேலை?

சரி, விதியே என்று உட்கார்ந்தேன். தையல் கடையில் துணி வெட்டும் மாதிரித்தாளின் பின்பக்கமெல்லாம் வகுத்தல்தான். நூறு வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும் என்று எப்போதோ நீங்கள் சொன்னது நினைவிருந்தது. இரண்டு, மூன்று, ஐந்து என்று தொடங்கித் தொண்ணூற்றேழு வரை போனேன். ஒன்றுகூட மீதியில்லாமல் போகவில்லை. அப்படியானால் சின்ன எண் ஒன்று, பெரிய எண் பத்தாயிரத்து ஒன்று. 001 வைத்தேன், பூட்டு அசையவில்லை. அது போகட்டும், பத்தாயிரத்து ஒரு நாள் என்றால் இருபத்தேழு வருஷம்! வரப்போவதில்லை என்பதை இப்படிச் சுற்றி வளைத்துச் சொல்கிறாரோ என்று நினைத்து, வெட்டிய துணியிலேயே முகத்தைப் புதைத்து அழுதேன். கடைக்காரம்மா பதறிப்போய், "என்னம்மா, கையை வெட்டிக்கிட்டியா?" என்று ஓடிவந்தார்.

நேற்று உங்கள் தங்கை டிவி பார்த்தபடியே பெட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். "வகுத்து வகுத்து ஏன் அண்ணி சாகறீங்க? திருகிப் பாத்தா போச்சு!" என்று 000 முதல் திருக ஆரம்பித்தாள். விளம்பரம் முடிவதற்குள் 073-இல் டக்கென்று திறந்துகொண்டது. எனக்கு மானமே போயிற்று.

கடையின் குப்பைக்கூடையைக் கிளறி, எழுபத்து மூன்றால் வகுத்த தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழு தடவை எழுபத்து மூன்று ஐந்நூற்றுப் பதினொன்று. நான் ஐந்நூற்று ஒன்று என்று போட்டு, மீதி பத்து என்று கோடு கிழித்திருக்கிறேன். அந்த ஒரு பத்துக்காக நான்கு நாள் அழுதிருக்கிறேன்.

சான்றிதழை இன்று காலையே கொடுத்துவிட்டேன். பாப்பாவுக்கு இடம் கிடைத்துவிட்டது. பெரிய எண் நூற்று முப்பத்தேழு. காலண்டரை எடுத்துக்கொண்டு எண்ண உட்கார்ந்தேன். எந்த நாளிலிருந்து எண்ணுவது? கணக்கெல்லாம் போட்ட மகராசா, கடிதத்தில் தேதி போடவில்லையே! உறையைப் பார்த்தால் முத்திரை மை முழுக்கக் கலைந்திருக்கிறது.

நான் மேலே தேதி போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள். இனிமேல் எனக்கு எண்ணே வேண்டாம். எந்த மாதம், எந்தக் கிழமை என்று எழுத்தால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுதவே வேண்டாம், வந்து கதவைத் தட்டுங்கள். அதில் பூட்டு இல்லை.

இன்னும் கோபம் தீராத,
உங்கள் மனைவி