கவுன்சிலர் யாரு என்று கேட்டால்

என் அன்புக்குரிய 'கவுன்சிலர்' அவர்களுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள். தேர்தலில் நின்றது நான், ஜெயித்தது நான். ஆனால் நம் தெருவே உங்களைத்தான் கவுன்சிலர் என்று கூப்பிட்டது. பெண்கள் வார்டு என்றால் இதுதானே வழக்கம்? நீங்கள் பேசுவீர்கள், நான் கையெழுத்துப் போடுவேன். எனக்குக் கிடைத்த பட்டம் 'கவுன்சிலர் வூட்டம்மா'.

நீங்கள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இப்போதும் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "கவுன்சிலர்..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். உங்கள் படத்துக்கு மாலை மாற்றும்போதெல்லாம் நான் சண்டை போடுகிறேன். நீங்கள் பதில் பேசாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. உயிரோடு இருந்தபோது ஒரு வார்த்தையாவது விட்டுக்கொடுத்திருப்பீர்களா?

இப்போது எழுதக் காரணம் நம் இப்ராஹிம் தம்பி. துபாயிலிருந்து வந்து, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, மீட்டர் பெட்டிக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிறாரே, அவர்தான். அவருடைய தொழில் உரிமத்துக்காக நீங்கள் நகராட்சி ஆபீசுக்கு நடையாய் நடந்தீர்கள். முதல் சூளையில் வெந்த கட்டை நம் வீட்டுக்குத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி மாட்டினீர்கள்.

ஒருநாள் காலையில் வெளியூரிலிருந்து சில அதிகாரிகள் வந்தார்கள். நகராட்சி பில் கலெக்டருக்கு போன் போட்டு, வீட்டைக் காட்டச் சொன்னார்கள். அவர் வழக்கமான சோதனை என்று நினைத்துக் காட்டிவிட்டார். கொட்டகையில் பீங்கானுக்குக் குழைக்கிற வெள்ளை மாவு மூட்டை, சூளையின் சூடு பார்க்கிற மீட்டர், அதன் ஒயர், ஒரு டைமர். நம் ஊரில் எந்தக் கொட்டகையில் இவை இல்லை? பீங்கான் தொழிலைப் பார்த்தே இராத கண்ணுக்கு வெள்ளைப் பொடியும் ஒயரும் டைமரும் சேர்ந்து வேறு எதுவோ ஆகிவிட்டது. போதாக்குறைக்குத் தம்பியின் போனில் துபாய் நம்பர்கள். வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற நம் மங்கலம்பேட்டைப் பக்கம் எந்தப் போனில்தான் இல்லை?

அவரைக் கூட்டிப்போய்விட்டார்கள். தேசப் பாதுகாப்புச் சட்டமாம். வழக்கே நடத்தாமல் மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்கலாமாம். மாவைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு எப்போது வருமென்று யாரும் சொல்லவில்லை.

அவர் மனைவி ஷம்ஷாத் ஈரக் கையோடு நம் வாசலுக்கு ஓடி வந்தாள். எங்கே கொண்டுபோனார்கள் என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "கவுன்சிலர் யாரும்மா? வரலையா?" என்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் பேசுவீர்கள் என்று.

மயானத்திலிருந்து எல்லாரும் திரும்பி வந்த அன்றைக்குக்கூட எனக்கு அப்படி இருந்ததில்லை. ஷம்ஷாத்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்கதாங்க கவுன்சிலரு" என்றாள். தன் புருஷன் எங்கே என்று தெரியாமல் நிற்கிறவள், எனக்காகப் பேசினாள். அதற்குப் பிறகு எனக்கு வாய் வந்தது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நகரமாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானத்துக்குள் சொல்லிவிட்டார்கள். உங்களைப்போல மேசையைத் தட்டியெல்லாம் பேசவில்லை. எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

அடுத்த நகர்மன்றக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவந்தேன். உங்களோடு எப்போதும் மல்லுக்கு நிற்பாரே, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கத்து உறுப்பினர், அவர்தான் முதலில் எழுந்தார். நம் வேலை குப்பையும் தண்ணீரும் தெருவிளக்கும், தேசப் பாதுகாப்பு டெல்லிக்காரர்கள் விஷயம், அதில் நகராட்சி மூக்கை நுழைத்தால் நம்மையும் சேர்த்துப் பிடிப்பார்கள் என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

"தண்ணி வரலைன்னா என்னையத்தான் கேக்குறாங்க. வூட்டு ஆளு வரலைன்னாலும் என்னையத்தாங்க கேப்பாங்க" என்றேன். பிறகு உரிமத்தின் நகலை எடுத்து மேசையில் வைத்தேன். "அந்த மாவ வெச்சுக்கலாம்னு லைசென்சு குடுத்தது யாரு? நாமதான். அவரு மேல குத்தம்னா நம்ம எல்லாரும் கூட்டாளிங்க. இல்ல, நாம குடுத்த லைசென்சு செல்லாதுன்னு இங்கயே சொல்லிடுங்க, நான் உக்காந்துக்கறேன்."

அந்தப் பழைய பஸ் ஸ்டாண்ட்காரர் உரிமத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் மச்சானுக்கும் பீங்கான் கொட்டகை இருக்கிறதே! முணுமுணுத்துக்கொண்டே கையைத் தூக்கினார். அவர் தூக்கியதும் மற்றவர்களும் தூக்கினார்கள்.

தீர்மானம் இதுதான். எழுத்தில் உத்தரவு இல்லாமல் நகராட்சி ஊழியர் யாரும் குடியிருப்பவர் விவரத்தைக் கொடுக்கக் கூடாது, வீட்டையும் காட்டக் கூடாது. இந்தச் சட்டத்தில் யாரைப் பிடித்தாலும், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று வார்டு உறுப்பினர் அன்றைக்கே விசாரித்து வீட்டாருக்குச் சொல்ல வேண்டும். இப்ராஹிம் விசாரணையில் நகராட்சி சார்பில் ஒருவர் போய், உரிமம் கொடுத்தது நாங்கள்தான் என்று சொல்ல வேண்டும். பில் கலெக்டர் வராந்தாவில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "இனிமே போன்ல யாரு கேட்டாலும் காட்ட மாட்டேங்க" என்றார். பாவம், அவருக்கும் அன்றுதான் தைரியம் வந்தது.

உள்ளே வைத்தது சரியா என்று பார்க்கச் சென்னையில் ஒரு விசாரணைக் குழு இருக்கிறதாம், அதன்முன் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாதாம். ஆனால் வக்கீல் அல்லாத, வேண்டியவர் ஒருவர் கூட நிற்க அனுமதி கேட்கலாமாம். கேட்டோம், கிடைத்துவிட்டது. யாரை அனுப்புவது என்று நகர்மன்றத் தலைவர் கேட்டபோது எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் ஜெயிப்போம் என்றுதான் படுகிறது. உண்மை நம் பக்கம், உரிமமும் நம் பக்கம்.

நாளைக் காலை நானும் ஷம்ஷாத்தும் வேப்பூர் போய்ச் சென்னை பஸ் ஏறுகிறோம். அந்த மாவு என்ன மாவு என்று கேட்டால் காட்டுவதற்காக, நம் மீட்டர் பெட்டியிலிருந்த ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டேன். அதனால் இப்போது வீட்டில் கரண்ட் இல்லை. வாசற்படியில் உட்கார்ந்து, மிச்சமிருக்கிற சாயங்கால வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். கடையில் வேறு கட்டை வாங்கி மாட்டலாமே என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். இதே கட்டையை இப்ராஹிம் தம்பி வந்து தன் கையால் மாட்டட்டும். மாட்ட வைப்பேன், இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இன்னொரு வாக்கும் இருக்கிறது. நாளைக்கு அங்கே யாராவது, கவுன்சிலர் யாரு என்று கேட்டால், நான் பக்கத்தில் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

என்றும் உங்கள் வூட்டம்மா,
செல்வராணி
நகர்மன்ற உறுப்பினர்